சில்லறைச் சாமான்கள்

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் மலைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது என்ஜின் சூடாகும், இறங்கும்போது பிரேக் சூடாகும். விடுமுறை நாள் மாலையில் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட் அருகே நின்றால் கருகல் வாடை மூக்கில் ஏறும். கீழே தெரியும் அணையைப் படம் எடுக்க நிறுத்தியவர்களுக்கு நடுவே, சக்கரத்தில் புகை வருவதைப் பார்த்துப் பதறி நிறுத்தியவர்களும் இருப்பார்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மெல்ல உருட்டிக்கொண்டு பொள்ளாச்சி வந்து எங்கள் ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்துவார்கள். சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, மேல இருக்கறப்போ பெடல் அப்படியே உள்ள போயிருச்சுங்க. இப்பப் பார்த்தா நல்லாப் பிடிக்குது. எதுக்கும் பேடு மாத்திருங்க."

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பேடு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பியின் மூடியைத் திருகினால் விஷயம் தெரிந்துவிடும். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய திரவம் கறுத்துப்போய், டப்பியின் அடி தெரியாமல் நிற்கும். "இதை எப்பங்க மாத்துனீங்க?" என்று கேட்டால் பதில் வராது. அதை மாற்ற வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

நாம் பெடலை மிதிக்கும்போது சக்கரத்தில் இருக்கும் பேடை நெருக்குவது இந்தத் திரவம்தான். திரவம் அமுங்காது, அதனால் காலில் கொடுத்த அழுத்தம் குறையாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாக, மூடியின் காற்றுத் துளை வழியாக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும். டாட் 4 என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால், 155 டிகிரி தாங்கினாலே தேர்ச்சி. டாட் 3 என்றால் அது 205, இது 140.

இப்போது மலையை நினைத்துப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள வண்டி 700 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அதில் வெளிப்படும் சக்தி, 25 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நியூட்ரலில் விட்டோ, நாலாவது கியரில் போட்டோ பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர் அந்தச் சூட்டில் பெரும் பங்கை நான்கு சக்கரங்களுக்குள்ளேயே இறக்கிவிடுகிறார். டிஸ்க்கில் ஏறிய சூடு பேடு வழியாகத் திரவத்துக்குப் போகிறது. அதில் ஊறியிருக்கும் தண்ணீர் ஆவியாகி, குழாய்க்குள் குமிழி விடுகிறது. ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் குமிழிதான் அமுங்குகிறது, பேடு நகர்வதில்லை. பெடல் தரையைத் தொடுகிறது.

ஆறியதும் குமிழி மறுபடியும் நீராகிவிடும், பெடல் பழையபடி நிற்கும். எனக்குப் பயம் தருவது இந்த இடம்தான். குற்றம் மறைந்துவிடுவதால், வண்டிக்காரர் அடுத்த விடுமுறைக்கு அதே திரவத்தோடு ஊட்டிக்கோ கொல்லிமலைக்கோ கிளம்பிவிடுவார்.

பிரேக் ஆயிலை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். சின்னக் கார்களுக்கு ஒரு லிட்டர் தாராளம். செலவு சில நூறு ரூபாயில் முடியும். ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை அடித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தில் இருக்கும் நிப்பிளைத் திறப்பார். அதில் செருகிய கண்ணாடிக் குழாயில் முதலில் கறுப்பாக வரும், பிறகு காற்றுக் குமிழியோடு கலங்கலாக வரும், கடைசியில் புதுத் திரவம் தெளிவாக இறங்கும். நான்கு சக்கரத்திலும் அந்தத் தெளிவு வரும்வரை நிறுத்தக்கூடாது. பக்கத்தில் நின்று பாருங்கள். சீல் உடைக்காத டப்பாவைத்தான் ஊற்றச் சொல்லுங்கள். திறந்து வைத்துப் பல மாதம் அலமாரியில் இருந்த மிச்சம், டப்பாவிலேயே ஈரம் குடித்திருக்கும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை அதில் ஊற்றிவிட்டு வருபவர்களும் உண்டு. பிரேக்கில் உள்ள ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய், மொத்தத்தையும் மாற்ற வேண்டி வரும்.

ஐடிஐ முடித்து வந்த நாளில் இருந்து இந்தத் தொழிலில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான். ஆயிரக்கணக்கில் பில் ஆன எந்த வேலையையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், அது ஒரு சில்லறைச் சாமானில் போய் நிற்கும். ஒரு ரப்பர், ஒரு மூடி, ஒரு கிளாம்ப், ஒரு ஃபில்டர். பெரிய சாமான்கள் தாமாகக் கெடுவது அபூர்வம். பக்கத்தில் இருக்கும் சின்ன சாமான் முதலில் கெட்டு, யாரும் கவனிக்காததால் பெரியதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஆக்சில் பூட்டைப் பாருங்கள். இன்றைய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுபடுபவை. கியர் பாக்ஸில் இருந்து இரண்டு முன்சக்கரங்களுக்கும் ஆளுக்கொரு ஆக்சில் போகும். சக்கரத்தோடு சேரும் இடத்தில், திரும்பினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும்படி எஃகுக் குண்டுகள் வைத்த ஜாயின்ட் இருக்கும். அதைச் சுற்றிக் கறுப்பு கிரீஸ் அடைத்து, மடிப்பு மடிப்பான ரப்பர் உறை போட்டிருப்பார்கள். அதுதான் பூட். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, என்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டுவிட்டு முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். மடிப்புகளின் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். வெடிப்பு பெரும்பாலும் பள்ளத்தில்தான் தொடங்கும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. விரலில் கிரீஸ் ஒட்டினாலோ, ரிம்மின் உள்பக்கம் வட்டமாகக் கிரீஸ் தெறித்த தடம் இருந்தாலோ, பூட் கிழிந்துவிட்டது.

அன்றைக்கே வந்தால் பழைய கிரீஸைத் துடைத்து, புது கிரீஸ் அடைத்து, புது பூட் மாட்டி அனுப்பிவிடலாம். ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டால் கிரீஸ் எல்லாம் சுழன்று வெளியே போய்விடும். சேறும் மணலும் உள்ளே புகும். குண்டுகள் ஓடும் தடத்தில் கோடு விழும். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை நகர்த்தினால் 'டக் டக் டக்' என்று சத்தம் வரும். சத்தம் கேட்ட பிறகு பூட் மாற்றிப் பயனில்லை, ஜாயின்ட்டையோ ஆக்சிலையோ மாற்றியாக வேண்டும். பூட்டின் விலையைப்போலப் பல மடங்கு.

ரேடியேட்டர் மூடியும் இந்த இனம்தான். அது வெறும் மூடி என்று நினைத்துத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் இருக்கின்றன. சுமார் ஒரு பார் அளவுக்கு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பது அவற்றின் வேலை. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, கொதிநிலை இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டுக்கொண்டு மலை ஏறும் நாளில்தான் காட்டிக்கொடுக்கும்.

கூலன்ட் குறைந்தால் போர்த் தண்ணீரை ஊற்றி நிரப்புவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். எங்கள் போர்த் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறியதும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். கூலன்ட்டில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து கலந்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது நீர்த்துப்போய், அலுமினியமும் வாட்டர் பம்ப்பும் அரிக்க ஆரம்பிக்கும். வழியில் வேறு கதியில்லாமல் தண்ணீர் ஊற்றினால் ஊற்றுங்கள். ஊர் திரும்பியதும் முழுக்க வடித்துவிட்டு, கம்பெனி சொன்ன கூலன்ட்டை நிரப்பிவிடுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து ஒன்றோடு ஒன்று சேர்க்க வேண்டாம். நிறம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைப்பது. வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள வகைதான் கணக்கு.

ஹீட் ஏறி முள் சிவப்பைத் தொட்டால், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் அடிக்கும். என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் விரிசல் விடக்கூடும். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிவிட்டால் ஹெட் வளைந்து, கேஸ்கட் ஊதி, லேத்துக்கு அனுப்பிச் சமன் செய்து மாட்ட வேண்டியதாகும். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சூட்டை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் மொத்தமும் ஒழுகிவிட்டால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே நிற்கலாம். அதனால்தான் முள்ளை நம்புவதைவிட, வாரத்துக்கு ஒருமுறை என்ஜின் ஆறியிருக்கும்போது டப்பியில் இரண்டு கோட்டுக்கு நடுவே கூலன்ட் நிற்கிறதா என்று பார்ப்பது மேல்.

என் அப்பா டாக்சி ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டினார். காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்னால் பானெட்டைத் திறப்பார். கையில் ஒரு துண்டு பனியன் வேஸ்ட். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரித் தண்ணீர். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் ஒரு அழுத்து. வண்டியின் அடியில் குனிந்து தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. மொத்தமே ஐந்து நிமிட வேலை. அந்த வண்டி அப்படிக் கேட்டது. பார்க்காவிட்டால் நடுவழியில் நிறுத்திவிடும். இன்றைய கார்கள் அவ்வளவு கேட்பதில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு ஆயில் சேஞ்ச் போதும் என்கிற அளவுக்கு என்ஜினும் ஆயிலும் தேறிவிட்டன. ஆனால் அந்த ஐந்து நிமிடப் பார்வை மொத்தமாகவே போய்விட்டது. வாங்கிய நாளில் இருந்து ஒருமுறைகூடப் பானெட்டைத் திறக்காதவர்களை நான் தினமும் சந்திக்கிறேன். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

டிப் ஸ்டிக் பார்க்கச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் ஆயில் கீழே இறங்க விட வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தால் சரி. குறைந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். கிராங்க் சுற்றும்போது ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரையால் பேரிங்கைக் காக்க முடியாது.

"வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடலைங்க, எதுக்கு ஆயில் மாத்தணும்?" என்று கேட்பவர்கள் பலர். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுக் காய்கறி வாங்கித் திரும்பும் வண்டி. இரண்டு கிலோமீட்டரில் என்ஜின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். சூடான என்ஜினில் அது வெளியேறிவிடும். ஆறிய என்ஜினில் கொஞ்சம் கசிந்து கீழே ஆயிலோடு சேரும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். நெடுஞ்சாலையில் 10,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் ஆயிலைவிட, தெருவுக்குள் 3,000 ஓடிய வண்டியின் ஆயில் கெட்டுப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் வெண்ணிறப் பசை படிந்திருந்தால் ஈரம் தங்குகிறது என்று அர்த்தம். கூடவே கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு கதை, கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரை மிச்சம் பிடிக்காதீர்கள். அடைத்துக்கொண்ட ஃபில்டரால் என்ஜின் ஆயில் இல்லாமல் நின்றுவிடக் கூடாது என்று அதற்குள் ஒரு பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். ஃபில்டர் அடைத்ததும் அது திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே பேரிங்குக்கு அனுப்பும். வண்டி ஓடும், சத்தமும் வராது, தேய்மானம் மட்டும் நடந்துகொண்டிருக்கும். டர்போ வைத்த என்ஜினுக்கு ஆயில் இன்னும் முக்கியம். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். மலை ஏறி முடித்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்லது.

வண்டியோடு வரும் புத்தகத்தில் யாரும் புரட்டாத ஒரு பக்கம் உண்டு. கடினமான சூழலில் ஓடும் வண்டிக்குத் தனி அட்டவணை. புழுதிச் சாலை, சின்னச் சின்ன ஓட்டம், கடும் வெயில், ஓயாத மலை ஏற்றம் ஆகியவை அதில் வரும். நம் ஊரில் பாதி வண்டிகள் அந்தப் பக்கத்தின்படிதான் பராமரிக்கப்பட வேண்டியவை. பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னை நார் மில்கள். மில்லுக்குத் தினமும் போய்வரும் காரின் ஏர் ஃபில்டரை எடுத்தால், காகித மடிப்பு தெரியாத அளவுக்குப் பழுப்புத் தூசி அப்பியிருக்கும். அதைத் தட்டிவிட்டு மாட்டுவதில் பலன் குறைவு, கழுவினால் காகிதம் கெடும். புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் புதிது போடுவதுதான் வழி.

தோப்புக்குள் வீடு இருப்பவர்களுக்கு எலியும் ஒரு பிரச்சினை. ராத்திரி சூடான என்ஜின் மேல் வந்து படுக்கும், தேங்காய் மட்டையை இழுத்து வந்து கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். ஒரு ஒயர் அறுந்தால் எந்த ஒயர் என்று தேடுவதிலேயே ஒரு நாள் போகும். காரை நிறுத்தும் இடத்தில் மாட்டுத் தீவனமும் மட்டைக் குவியலும் வேண்டாம். ராத்திரி பானெட்டைத் திறந்தே வைத்துவிடுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி தங்காது என்பது அவர்கள் அனுபவம். டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். ஏசி காற்று குறைந்துவிட்டது என்று கேஸ் நிரப்ப வருகிறவர்களில் பலருக்கு அடைப்பு அங்கேதான்.

டைமிங் பெல்ட் உள்ள வண்டியா, செயின் உள்ள வண்டியா என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1983 முதல் 2014 வரை வந்த மாருதி 800-இல் பெல்ட்தான். பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு, அறுவதற்கு முன் சத்தம் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. சில வகை என்ஜின்களில் அது அறுந்த நொடியில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுவது ஒன்றே வழி.

டயருக்குக் காற்று, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பிடிக்கக்கூடாது. காற்று குறைந்த டயர் உருளும்போது பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கோடையில், முழு லோடில், நூறு வேகத்தில் அது வெடிக்கும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு, ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். பள்ளங்களின் நடுவே இருக்கும் சின்ன மேடு டயரின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்றியே ஆக வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தேயாத டயரும் வயதானால் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். ஸ்டெப்னியில்தான் இது அதிகம்.

பேட்டரியைப் பற்றி அதிகம் இல்லை. வெயில்தான் அதன் முதல் எதிரி. ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் ஆல்டர்னேட்டரும் சரி. டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீரில் கழுவி, கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

எந்த ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்; எங்கே தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று காட்டத்தான் விரும்புவார். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, என்ன மாற்றினோம், என்றைக்கு, எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு அந்த நோட்டு கிடைப்பதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, பெயின்ட்டுக்கும் சீட் கவருக்கும் செலவு செய்யும் முன்னால் என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றையும், எல்லா ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், ஆக்சில் பூட்டுகளையும் ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள், அந்தத் தேதியை நோட்டின் முதல் வரியாகப் போடுங்கள். பிரேக் ஆயிலுக்கு மட்டும் பக்கத்திலேயே இரண்டு வருடம் கூட்டி, அடுத்த தேதியையும் எழுதிவிடுங்கள்.